அம்மாவுக்கு ஏஎம்டி: சாப்பாட்டை மாற்றினால் கண் நிற்குமா?

கோலப்புள்ளி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயது 71. அப்பா போனதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறார். போன மாதம் ஊருக்குப் போனபோது வாசல் கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேர்ப்புள்ளி பதினைந்து, நடுவில் மட்டும் வரிசை வளைந்து கிடந்தது. "என்னம்மா, புள்ளி பாம்பு மாதிரி போகுது" என்றேன். "நேராத்தானேடி இருக்கு" என்றார். விளையாட்டாக ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கதவு நிலையைப் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணால் பார்க்கும்போது நிலை நடுவில் வளைந்து தெரிகிறது, என் முகத்தின் நடுவில் மசமசவென்று இருக்கிறது என்றார். சிரிப்பு போய்விட்டது.

மறுநாளே கண் மருத்துவமனை. விழித்திரையைப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வலது கண்ணில் வெட் ஏஎம்டி, இடது கண்ணில் டிரை, நடுத்தர நிலை என்றார்கள். ஏஎம்டி என்றால் வயதாவதால் விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலா கெடுவதாம். கசிவு இருந்தால் வெட், இல்லாவிட்டால் டிரை. வலது கண்ணுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. இடதுக்கு ஒரு மாத்திரை. "கீரை, மீன் நல்லா சாப்பிடுங்கம்மா" என்று ஒரு வரி சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

பிரச்சினை அதற்கப்புறம்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் இன்ஃப்ளமேஷன், உடம்பு உள்ளுக்குள் கனன்று எரிகிறது, அரிசியை விடு, பாலை விடு, எண்ணெயை விடு என்று. அம்மா ராத்திரி என்னிடம் கேட்டது: "அப்ப நான் தின்னதாலதான் கண்ணு போச்சா?"

அம்மாவின் ஒரு நாள் சாப்பாடு இது. காலையில் நான்கு இட்லி, சர்க்கரை தூக்கலாகக் காபி. மதியம் பச்சரிசிச் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், இல்லாவிட்டால் அப்பளம். நாலு மணிக்கு டீ, ரஸ்க் அல்லது முறுக்கு. இரவு மறுபடி இட்லி அல்லது ரவை உப்புமா. காய் பேருக்குத்தான். மீன் வாரம் ஒருமுறை இருந்தது, அப்பா போனபின் அதுவும் இல்லை.

இதில் எது உண்மை, எது வாட்ஸ்அப்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரைக்கீரை அண்ணாச்சி:

தங்கச்சி, பயப்படாதீங்க. பொன்னாங்கண்ணி ஒரு மண்டலம் சாப்பிட்டால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்பது பெரியவர்கள் வாக்கு. ராத்திரி மஞ்சள் பால் கொடுங்க. ரீஃபைண்ட் ஆயிலை இன்றைக்கே தூக்கிப் போடுங்க, எல்லாக் கேடும் அதில்தான். ஊசி எல்லாம் கண்ணுக்குள் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, உணவே மருந்து. யோசித்துச் செய்யுங்க.

விழித்திரை:

அண்ணாச்சி, கோபப்படாதீங்க, ஆனால் அந்தக் கடைசி வரியை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது.

நான் பதினொரு வருடமாக ஆப்டோமெட்ரிஸ்ட். வெட் ஏஎம்டி என்றால் விழித்திரைக்கு அடியில் வரக்கூடாத இடத்தில் புது ரத்தக்குழாய் முளைத்து, அது கசிகிறது. அந்தக் கசிவுதான் கோலத்தை வளைக்கிறது. குழாயை வளரச் சொல்லும் புரதத்தின் பெயர் விஇஜிஎஃப், ஊசி அதைத்தான் பிடித்துக் கட்டுகிறது. இந்த ஊசிகள் பழக்கத்துக்கு வந்தது 2005, 2006 வாக்கில்தான். அதற்கு முன்பு வெட் என்று எழுதினால் நடுப்பார்வை போவதைப் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது. கசிவு நாள்கணக்கில், வாரக்கணக்கில் தழும்பாக மாறும். கீரை வேலை செய்ய வருடங்கள் வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கோலப்புள்ளி, அடுத்த ஊசித் தேதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீங்க. செலவுதான் தடை என்றால் அவாஸ்டின் என்ற ஊசியைப் பற்றி டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்க. லூசென்டிஸ் என்ற இன்னொரு ஊசியைவிட விலை மிகக் குறைவு, அமெரிக்காவில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2011ல் வந்த பரிசோதனையில் பார்வை கிட்டத்தட்ட சமமாகவே இருந்தது. எது அம்மாவுக்குப் பொருந்தும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கட்டம் போட்ட தாளை ஒட்டி, நடுவில் புள்ளி வைத்து, தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொல்லுங்க. ஆம்ஸ்லர் கட்டம் என்று நாங்கள் கொடுப்பதும் அதுதான். உங்கள் அம்மா கோலத்திலேயே அதைப் போட்டுவிட்டார்.

கோலப்புள்ளி:

ஊசியை நிறுத்தும் எண்ணமே இல்லை. இடது கண்ணைத்தான் நினைத்துப் பயமாக இருக்கிறது. அது போய்விட்டால் அம்மாவால் பஸ் நம்பர் படிக்க முடியாது, மாத்திரை அட்டை படிக்க முடியாது. சாப்பாடு அந்தக் கண்ணுக்கு ஏதாவது செய்யுமா என்பதுதான் என் கேள்வி.

சோதனைக்குழாய்:

ஊட்டச்சத்துத் துறையில் வேலை செய்கிறவன். ஏஎம்டியில் அழற்சிக்கு, அதாவது இன்ஃப்ளமேஷனுக்கு, இடம் உண்டு என்பதை வாட்ஸ்அப் கண்டுபிடிக்கவில்லை, அது உண்மை.

விழித்திரைக்குப் பின்னால் ஒரே ஒரு அடுக்கு செல்கள் உண்டு, ஆர்பிஇ என்பார்கள். ஒளியை வாங்கும் செல்கள் தினமும் தங்கள் நுனியை உதிர்க்கும், இந்த அடுக்கு அதை விழுங்கிச் செரிக்கும். அடுப்படியில் நாள் தவறாமல் பாத்திரம் தேய்ப்பவள் மாதிரி. வயதாக ஆக வேலை தேங்குகிறது, கழிவு அடியில் மஞ்சள் மஞ்சளாகப் படிகிறது. அதுதான் டிரூசன். அதை எடுத்துச் சோதித்தால் கொழுப்போடு சேர்ந்து காம்ப்ளிமென்ட் புரதங்களும் இருக்கின்றன. காம்ப்ளிமென்ட் என்பது கிருமியைத் தாக்க உடம்பு வைத்திருக்கும் பழைய ஆயுதம். கிருமியே இல்லாத இடத்தில் அது போர் நடத்திக்கொண்டிருக்கிறது.

2005ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரு மரபணுவைச் சொன்னார்கள். காம்ப்ளிமென்ட் ஃபேக்டர் ஹெச். அந்த ஆயுதத்தை அடக்கி வைக்கும் புரதத்துக்கான மரபணு அது, அதில் ஒரு எழுத்து மாறியிருந்தால் ஏஎம்டி வரும் வாய்ப்பு பலமடங்கு கூடுகிறது. 2023ல் டிரை வகையின் முற்றிய நிலைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரண்டு ஊசிகளும் காம்ப்ளிமென்டைத்தான் தடுக்கின்றன. அவையும் சிதைவை மெதுவாக்கும், அவ்வளவுதான்.

ஆகவே, கோலப்புள்ளி, அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டியது: அவர் தின்றதால் கண் போகவில்லை. வயது, மரபணு, புகை, இவைதான் முன்வரிசை. சாப்பாடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் முன்வரிசையில் நம்மால் மாற்ற முடிந்தது புகை ஒன்றுதான், அதனால்தான் எல்லோரும் பின்வரிசையைப் பற்றிப் பேசுகிறோம்.

கோலப்புள்ளி:

இதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் காபி போட்டுக் கொடுத்தார், சர்க்கரையோடு.

குதர்க்கம்:

எல்லாம் சரி, ஆதாரம் எங்கே? "கீரை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஏஎம்டி குறைவு" என்று எத்தனை ஆய்வு வேண்டுமானாலும் காட்டலாம். கீரை சாப்பிடுகிறவன் சிகரெட் பிடிப்பதில்லை, நடக்கப் போகிறான், கையில் நாலு காசு இருக்கிறது. எது கண்ணைக் காப்பாற்றியது? நாற்பது வயதில் என்ன தின்றாய் என்று ஒரு படிவத்தில் டிக் அடிக்கச் சொன்னால் நானே பொய் சொல்வேன்.

சீட்டுப் போட்டுப் பிரித்த பரிசோதனையில் என்ன ஆயிற்று? ஏஎம்டிக்குச் சத்து மாத்திரையைச் சோதித்த ஏரெட்ஸ்2 பரிசோதனையில் மீன் எண்ணெய் மாத்திரை தோற்றது, 2013. வைட்டால் என்ற பெரிய பரிசோதனை, சுமார் 25,000 பேர், அதில் மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3யும் வைட்டமின் டியும் கொடுத்து 2020ல் கண் முடிவு வந்தது. ஏஎம்டி வருவதையும் தடுக்கவில்லை, முற்றுவதையும் தடுக்கவில்லை. அழற்சியைக் குறைக்கும் சத்து என்றால் முதலில் சொல்வது ஒமேகா-3யைத்தானே? அதுவே ஊத்திக்கொண்டது. மிச்சத்தை ஏன் நம்ப வேண்டும்?

சோதனைக்குழாய்:

குதர்க்கம் பாதி சரி. உணவுமுறையை மாற்றிக் கொடுத்து ஏஎம்டியைத் தடுத்துக் காட்டிய பெரிய பரிசோதனை எதையும் என்னால் காட்ட முடியாது. ஆனால் "மாத்திரை தோற்றது" என்பதிலிருந்து "மீன் தோற்றது" என்று தாவுவது எனக்கு ஒப்பவில்லை. மீன் சாப்பிடுகிற நாளில் நீங்கள் பஜ்ஜி சாப்பிடவில்லை, அந்த இடமாற்றம் மாத்திரையில் நடப்பதில்லை.

தட்டு முழுவதையும் பார்த்த ஆய்வுகள்தான் எனக்குக் கனமாகத் தெரிகின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம், பிரான்ஸின் போர்தோ, இரண்டு ஊர்களிலும் கிட்டத்தட்ட 5,000 பேரைப் பின்தொடர்ந்து சேர்த்துப் பார்த்தார்கள். மத்தியதரைக்கடல் முறைக்கு (காய், பழம், பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய்) மிக நெருக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் முற்றிய ஏஎம்டி வரும் அபாயம் 41 சதவீதம் குறைவு. அமெரிக்காவில் ஏரிக் என்ற ஆய்வில் சிவப்பு இறைச்சி, பொரித்தது, மாவுப் பண்டம், கொழுப்பு நிறைந்த பால் பொருள் என்று சாப்பிட்டவர்களிடம் முற்றிய நிலை சுமார் மூன்று மடங்கு. அதே ஆய்வில் ஆரம்ப நிலை ஏஎம்டிக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது: கண்ணில் டிரூசன் புள்ளி விழுவதைத் தட்டு தீர்மானிக்கவில்லை, விழுந்த புள்ளி எங்கே போய் முடிகிறது என்பதில்தான் அதற்குப் பங்கு இருக்கலாம். கோலப்புள்ளியின் அம்மாவுடைய இடது கண் இப்போது சரியாக அந்தக் கட்டத்தில்தான் நிற்கிறது.

அப்புறம் எலிக் கதை. பாஸ்டன் பக்கம் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில், 2017ல் வெளிவந்தது. வயதான எலிகளுக்கு ஒரே அளவு மாவுச்சத்து, வகை மட்டும் வேறு. ஒன்று சட்டென்று சர்க்கரையாகும் மாவு, இன்னொன்று மெதுவாக ஆகும் மாவு. வேகமான மாவு தின்ற எலிகளுக்கு விழித்திரையில் ஏஎம்டி மாதிரியான சேதம். கடைசிக் காலத்தில் மெதுவான மாவுக்கு மாற்றியபோது சேதம் நின்றது, சிலவற்றில் திரும்பியது. எலிக்கு மேக்குலா கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அரைக்கீரை அண்ணாச்சி:

நான் சொன்னது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். மஞ்சளுக்குமா தடை?

சோதனைக்குழாய்:

தடை இல்லை அண்ணாச்சி. உணவின் அழற்சிக் குறியீடு, டிஐஐ என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் செய்தது. 45 பொருள்கள் அதில் உண்டு. மஞ்சள், இஞ்சி, பூண்டு, வெங்காயம், மிளகு, டீ எல்லாம் நல்லவர்கள் பக்கம். நம் ரசத்தில் பாதி அந்தப் பட்டியலில் ஏறிவிடும். ஆனால் கணக்கு நாள் முழுவதுக்கும். காலையிலிருந்து ரவை, மைதா, சர்க்கரை, பொரியல் எண்ணெய் என்று போய்க்கொண்டே இருந்துவிட்டு ராத்திரி பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டால், சட்டியில் கல் உப்பைக் கொட்டிவிட்டு வெல்லத்துண்டு போட்டது மாதிரி.

ரீஃபைண்ட் ஆயிலைப் பற்றி ஒரு வரி: வில்லன் அது இல்லை, வனஸ்பதியும் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும்தான். அவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பை இந்தியாவில் 2022லிருந்து 2 சதவீதத்துக்குள் கட்டியிருக்கிறார்கள், ஆனால் பஜ்ஜிக்கடைச் சட்டியை யார் போய் அளப்பது.

புதுவைக் காற்று:

நீங்கள் ராட்டர்டாம் வரைக்கும் போய்விட்டீர்கள், பக்கத்து ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். இண்டை என்று ஓர் ஆய்வு, வடக்கே ஒரு மையம், தெற்கே புதுச்சேரி. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் வைட்டமின் சி அளந்தார்கள். வடக்கே 74 சதவீதம் பேருக்கும் தெற்கே 46 சதவீதம் பேருக்கும் பற்றாக்குறை. வைட்டமின் சி கூடுதலாக இருந்தவர்களிடம் கண்புரை குறைவாக இருந்தது. அடுப்பில் விறகு, வரட்டி எரித்தவர்களிடமும் புகை பிடித்தவர்களிடமும் பற்றாக்குறை அதிகம். ஏஎம்டி அல்ல, கண்புரைதான், ஆனால் வயதான கண்ணுக்கு வரும் நோய்தானே. ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா. அவ்வளவு மலிவான பொருள் நம் பாட்டிமார் ரத்தத்தில் இல்லை. பல் இல்லாதவர்கள் கொய்யாவை எப்படிக் கடிப்பார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

எங்கள் ஆத்தா முப்பது வருடம் விறகடுப்பில் ஊதுகுழலோடு உட்கார்ந்தவர். 62 வயதில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தோம். "புகை கண்ணைக் கழுவிவிடும்" என்பார்.

லென்ஸ் மாமா:

கேரட் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? சின்ன வயசிலிருந்து கேரட்தான் கண்ணுக்கு என்று ஊட்டினார்கள்.

விழித்திரை:

மாமா, கேரட் புகழ் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன்காரன் பரப்பியது. இருட்டில் ஜெர்மன் விமானத்தைச் சுட்டு வீழ்த்த உதவியது ரேடார், அதை மறைக்க விமானி கேரட் தின்றான் என்று பத்திரிகையில் போட்டார்கள். கேரட்டில் இருப்பது பெரும்பாலும் பீட்டா கரோட்டின், அது வைட்டமின் ஏ ஆகும், மாலைக்கண்ணுக்கு நல்லது. மேக்குலாவின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் வேறு இரண்டு: லூட்டீன், ஜியாசாந்தின். அவை கீரையில், முட்டை மஞ்சள் கருவில், மக்காச்சோளத்தில். கண்ணுக்குள் இருக்கும் கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே கொழுப்பில் கரைபவை, அதனால் "எண்ணெயே வேண்டாம்" என்று கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுக்காதீர்கள், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் தாளியுங்கள்.

மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன், தினமும் என்னிடம் கேட்பது அது. 2001ல் வந்த முதல் ஏரெட்ஸ் முடிவு: நடுத்தர நிலையில் இருப்பவர்கள் அல்லது ஒரு கண்ணில் முற்றியவர்கள், இவர்களில் வெற்று மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 28 பேருக்கு ஐந்து வருடத்தில் முற்றியது, சத்து மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு. 28 இருபது ஆகிறது, பூஜ்யம் ஆகவில்லை. கோலப்புள்ளியின் அம்மா இந்த வகைதான், அவர் சாப்பிடலாம். நோயே இல்லாத மகனும் மருமகளும் சேர்ந்து விழுங்குவதில் பிரயோஜனம் இல்லை. பழைய கலவையில் பீட்டா கரோட்டின் இருந்தது, அது புகை பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பதால் ஏரெட்ஸ்2ல் லூட்டீன் 10 மில்லிகிராம், ஜியாசாந்தின் 2 மில்லிகிராம் என்று மாற்றினார்கள். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஒரு கடையில் "கண் சத்து" என்று என் மாமனாருக்கே பழைய பீட்டா கரோட்டின் சமாசாரத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அவர் பீடி பிடிப்பவர்.

குதர்க்கம்:

28க்கு 20 என்று சொன்னதற்கு நன்றி. "25 சதவீதம் குறையும்" என்று விளம்பரத்தில் போட்டால்தான் எனக்கு எரிகிறது.

யாழ்மதி:

எங்கட அப்பாவுக்கும் இதுதான். ஒரு விசயம் சொல்ல வேணும். அப்பா இதய வால்வு மாத்தினவர், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர். கண்ணுக்கு நல்லம் எண்டு திடீரெண்டு ஒவ்வொரு நாளும் கீரைக் கறி குடுத்தம். அடுத்த ரத்தப் பரிசோதனையில ஐஎன்ஆர், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு காட்டுற அளவு, கீழ விழுந்திட்டுது. கீரையில இருக்கிற வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிர். விட வேண்டாம், ஒரே அளவாச் சாப்பிடுங்கோ எண்டு டொக்டர் சொன்னவர். சிறுநீரக வருத்தம் இருக்கிற ஆக்களும் கேட்டுப்போட்டுத்தான் கீரையைக் கூட்ட வேணும்.

கோலப்புள்ளி:

நல்லவேளை, அம்மாவுக்கு பிபி மாத்திரை மட்டும்தான். கேட்டுவிட்டே செய்கிறேன்.

இந்த ஞாயிறு அம்மாவோடு உட்கார்ந்து பேசினேன். இட்லியை விடமாட்டார், சரி, நான்கை மூன்றாக்கி சாம்பாரைக் கூட்டிக்கொள்கிறேன் என்றார். பச்சரிசிக்குப் பதில் புழுங்கலரிசி, உருளை வறுவலுக்குப் பதில் சுண்டல் அல்லது பீன்ஸ். ரஸ்க்கை எடுத்து மேல் பரணில் வைத்துவிட்டார், நான் போனதும் இறக்குவார் என்று எனக்குத் தெரியும். மத்தி வாங்கிக்கொடுக்க மீன்காரம்மாவிடம் சொல்லியாயிற்று, அறுத்தே தருகிறாராம். நெல்லிக்காயைத் துருவித் தயிரில்.

கீரையில்தான் சிக்கியது. "ஏம்மா கீரை வாங்குறதை விட்டுட்டே?" என்று கேட்டபோதுதான் வெளியே வந்தது. இரண்டு வருடமாகவே ஆய முடியவில்லையாம். புழு இருக்கிறதா, பழுப்பு இருக்கிறதா, புல் கலந்திருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. ஒருமுறை கல்லோடு சமைத்துவிட்டாராம், அதிலிருந்து விட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் கீரை சாப்பிடாததால் கண் போனதா என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம், அங்கே கண் போனதால் கீரை போயிருக்கிறது.

குதர்க்கம்:

இதைத்தான் நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் இந்த மாதிரி எனக்குச் சொல்ல வரவில்லை. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்க.

சோதனைக்குழாய்:

ஆய்வுக் கட்டுரையில் இதற்குத் தலைகீழ்க் காரணத் தொடர்பு என்று பெயர் வைத்து ஒரு பத்தியில் முடித்துவிடுவோம். 

அரைக்கீரை அண்ணாச்சி:

தங்கச்சி, இது எனக்குத் தெரிந்த வேலை, இதிலாவது பேச விடுங்க. முருங்கைக்கீரை வாங்குங்க, வேறு வேண்டாம். சாயங்காலம் கொப்போடு நல்ல தண்ணீரில் அலசி, உதறி, ஈரம் போனதும் பழைய வேட்டித்துணியில் இறுக்கிச் சுற்றி மூலையில் வைத்துவிடச் சொல்லுங்க. காலையில் பிரித்து உதறினால் இலை தானாக உதிர்ந்து கிடக்கும், காம்பு கையில் தனியாக வரும். கண்ணே தேவையில்லை, விரல் போதும். பழுத்த இலை உலர்ந்து சருகு மாதிரி இருக்கும், தொட்டால் தெரியும். பூச்சி சந்தேகம் இருந்தால் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்க, மேலே மிதந்து வரும். பாசிப்பருப்பு, பூண்டு, தேங்காய். நட்சத்திரம் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன்.

கோலப்புள்ளி:

அண்ணாச்சி, நேற்று ராத்திரி போனில் சொன்னேன். இன்று காலை ஆறரை மணிக்கு அம்மாவே கூப்பிட்டார். "அந்தாளு சொன்ன மாதிரி உதிர்ந்துருச்சுடி, ரெண்டு பிடி வந்துச்சு." பேசும்போது பின்னால் தாளிக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது ஊசி வரும் வியாழக்கிழமை. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.